காப்பும் ஐயமும்: அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகக் காவல்துறை குறித்த மாணவர் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் தமக்கெனத் தனிக் காவல்துறையைக் கொண்டுள்ளன. கைது செய்யும் அதிகாரமும் துப்பாக்கியும் உடைய இக்காவலர்களை மாணவர்கள் எவ்வாறு பார்க்கின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மாணவர் பார்வை 'விருப்பு', 'வெறுப்பு' என்ற இரண்டினுள் அடங்குவதன்று. காவலர் தம்மைக் காப்பவரா, தம்மை ஐயுறுபவரா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு மாணவரும் தம் பட்டறிவிலிருந்து காணும் விடையே அப்பார்வையாக அமைகிறது. அவ்விடை மாணவர் புகார் அளிப்பதையும் அளிக்காமல் விடுவதையும் பாதிப்பதால், வளாகப் பாதுகாப்புச் சட்டத்தின் செயற்பாடே அதனைச் சார்ந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வளாகக் காவல்துறை, மாணவர் பார்வை, ஏற்புடைமை, நடைமுறை நீதி, கிளெரி சட்டம்.

முன்னுரை

'வளாகக் காவல்' என்றவுடன் தமிழ்நாட்டுக் கல்லூரிச் சூழலை அறிந்தோர் மனத்தில் தோன்றுவது வாயிலில் நிற்கும் பாதுகாவலர். அவர் அடையாள அட்டையைப் பார்ப்பார். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார். குற்ற வழக்குப் பதிய அவருக்கு அதிகாரமில்லை. சிக்கல் எழுந்தால் ஊர்க் காவல் நிலையத்திலிருந்துதான் போலீசார் வரவேண்டும். அமெரிக்காவில் நிலை வேறு. அங்குப் பல பல்கலைக்கழகங்களில் காவல்துறையே பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவாக இயங்குகிறது. அதன் காவலர்கள் மாநிலச் சட்டத்தின்கீழ்ப் பதவி உறுதிமொழி ஏற்றவர்கள்; அவர்களுக்கு ஊதியம் வழங்குவது பல்கலைக்கழகம். பாடம் நடத்தும் நிறுவனமே கைது செய்யும் அதிகாரத்தையும் கொண்டிருப்பது இவ்வமைப்பின் தனித்தன்மையாகும்.

தமிழில் 'காவல்' என்னும் சொல் இரு பொருள் தருவது. ஊரைக் காத்தலும் காவல். ஒருவரை அடைத்து வைத்தலும் காவல். அமெரிக்க மாணவர்கள் தம் வளாகக் காவலரிடம் காண்பதும் இவ்விரு முகங்களையே. எந்த முகம் யாருக்கு, எப்போது தெரிகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. வளாகக் காவல்துறையின் தோற்றம்

1894-ஆம் ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் நியூ ஹேவன் நகரக் காவல்துறையைச் சேர்ந்த இருவர் வளாகப் பணிக்கென அமர்த்தப்பட்டனர். அமெரிக்க வளாகக் காவல்துறையின் தொடக்கமாக இது கொள்ளப்படுகிறது. நகர மக்களுக்கும் மாணவர்களுக்கும் இடையே நிலவிய பூசலைத் தணிப்பதே அந்நியமனத்தின் நோக்கம். அவ்விருவருள் ஒருவரான வில்லியம் வைசர் பின்னாளில் தம் யேல் நினைவுகளை 1914-இல் நூலாக வெளியிட்டார். எனினும் இம்முறை உடனே பரவவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரும்பாலான கல்லூரிகளில் இருந்தவர்கள் காவலாளிகளே. தீப்பற்றாமல் பார்த்தல், கதவுகளைப் பூட்டுதல், கொதிகலனைக் கவனித்தல், விடுதி ஒழுங்கு மீறுவோரைக் கண்டித்தல் ஆகியன அவர்தம் பணிகளாயிருந்தன.

இதற்குப் பின்னணியாக நின்றது, கல்லூரி பெற்றோர் இடத்தில் நிற்கிறது என்னும் கோட்பாடு. 1913-ஆம் ஆண்டு கெண்டக்கி மாநில நீதிமன்றம் பெரியா கல்லூரி வழக்கில் இக்கோட்பாட்டை உறுதிசெய்தது. மாணவர் 'பிள்ளை' எனக் கருதப்பட்டபோது அவர் செய்யும் தவறும் வீட்டுக்குள் தீர்க்கப்பட வேண்டியதாகவே கருதப்பட்டது. 1961-இல் இந்நிலை மாறத் தொடங்கியது. இனப்பாகுபாட்டை எதிர்த்து உணவகத்தில் அமர்வுப் போராட்டம் நடத்திய கறுப்பின மாணவர்களை அலபாமா மாநிலக் கல்லூரி விசாரணையின்றி நீக்கியிருந்தது. டிக்சன் வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில், அரசுக் கல்லூரி மாணவரை நீக்குமுன் அறிவிப்பும் விசாரணையும் தேவை எனக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவர் உரிமையுள்ள குடிமகனாக ஏற்கப்பட்டார். குடிமகனாகிவிட்டவரிடம் தந்தையின் கண்டிப்பைக் காட்ட இயலாது. அவரிடம் சட்டமே பேசவேண்டும். காவலாளி இருந்த இடத்திற்குக் காவலர் வந்ததன் கருத்தியல் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மற்றொரு காரணம் போராட்டங்கள். 1968 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கைப்பற்றியிருந்த மாணவர்களை வெளியேற்ற நியூயார்க் நகரப் போலீசார் அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 700 பேர் கைதாயினர். 1970 மே 4 அன்று கெண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓகையோ தேசியக் காவற்படை சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தனர். 9 பேர் காயமுற்றனர். பதினொரு நாள்கள் கழித்து, கறுப்பின மாணவர்கள் பயின்ற ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் நகர, மாநிலப் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இவர்களுள் எவரும் வளாகக் காவலர் அல்லர் என்பது கருதத்தக்கது. மாணவரை அறியாத வெளிப்படை வந்தால் உயிர் போகும். மாணவரை அறிந்த சொந்தக் காவலர் இருந்தால் அது தவிர்க்கப்படலாம் என்னும் எண்ணம் பல்கலைக்கழகங்களில் வலுப்பெற்றது. வளாகக் காவல்துறை மென்மையான மாற்றாகவே முன்வைக்கப்பட்டது. இன்றைய மாணவர் பார்வையில் உள்ள முரணுக்கு வித்து இங்கேதான் உள்ளது.

2. இன்றைய அமைப்பு

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2011–12 கல்வியாண்டில் நடத்திய ஆய்வு, 2,500-உம் அதற்கு மேலும் மாணவர்களைக் கொண்ட நான்காண்டுக் கல்வி நிறுவனங்களை எடுத்துக்கொண்டது. அரசு நிறுவனங்களில் 92 விழுக்காடும் தனியார் நிறுவனங்களில் 38 விழுக்காடும் உறுதிமொழி ஏற்ற காவலரைக் கொண்டிருந்தன. ஆயுதம் தாங்கிய காவலரைப் பயன்படுத்திய நிறுவனங்கள் 2004–05-இல் 68 விழுக்காடாக இருந்தன. இவ்வாய்வில் அவை 75 விழுக்காடாக உயர்ந்திருந்தன. அக்காவலருள் பெரும்பாலோரின் கைது அதிகாரம் வளாக எல்லைக்கு அப்பாலும் நீள்வதாக அவ்வாய்வு காட்டியது.

கடைசியாகக் கூறிய செய்தி முதன்மையானது. வளாகக் காவலர் மாணவரை மட்டும் எதிர்கொள்பவர் அல்லர். பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்து வாழும் ஏழை மக்களையும் எதிர்கொள்பவர். ஆகவே அவரைப் பற்றிய மாணவர் கருத்து வளாகத்துள் நிகழ்வனவற்றால் மட்டும் உருவாவதில்லை.

3. 'இவர் உண்மையான போலீசா?'

மாணவர் பார்வையை ஆராய்ந்தோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் ஏற்புடைமை பற்றியது. ஒருவரது ஆணைக்குப் பணிவது முறை என மக்கள் உள்ளத்தில் ஒப்புக்கொள்வதே ஏற்புடைமை. ஷானன் ஜேக்கப்சன் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர்கள் வளாகக் காவலருக்கு நகரக் காவலருக்கு நிகரான ஏற்புடைமையை வழங்குவதில்லை எனக் காட்டியது. சட்டப்படி இருவரும் நிகரான அதிகாரம் கொண்டிருந்தாலும் மாணவர் மனத்தில் அவர்கள் நிகரானவர்களாக இல்லை.

இதற்கான காரணத்தை வளாகக் காவலரின் அன்றாடப் பணியில் காணலாம். வண்டி நிறுத்தத்திற்குத் தண்டச்சீட்டு வழங்குதல், 21 வயது நிரம்பாதோர் மது அருந்துவதைத் தடுத்தல், விடுதிக் கேளிக்கைகளின் ஓசையை அடக்குதல், பூட்டிய அறையைத் திறந்துவிடுதல் ஆகியவற்றின்போதே பெரும்பாலான மாணவர்கள் அவரைச் சந்திக்கின்றனர். சிறு குறும்புகளைத் தடுப்பவராகவே கண்டு பழகியதால், பெருங்குற்றம் நிகழ்ந்தால் இவரால் என்ன செய்ய இயலும் என்ற ஐயம் எழுகிறது. அதேவேளை அவர் இடுப்பில் துப்பாக்கி இருப்பதும் தெரிகிறது. பணி சிறிது, ஆயுதம் பெரிது என்னும் இப்பொருத்தமின்மை, 'இவர் போதுமானவர் அல்லர்', 'இவர் தேவைக்கு மிஞ்சியவர்' என ஒன்றுக்கொன்று முரணான இரு குறைகளை ஒரே வளாகத்தில் எழுப்ப வல்லது.

4. நடைமுறை நீதி

காவலர் மீதான நம்பிக்கை எதனால் உருவாகிறது என்பதற்கு டாம் டைலர் தந்த விளக்கம் இத்துறையில் பெரிதும் பயன்படுகிறது. சிகாகோ நகர மக்களிடம் ஆய்வு நடத்தி 1990-இல் அவர் வெளியிட்ட 'மக்கள் ஏன் சட்டத்திற்குப் பணிகின்றனர்' என்னும் பொருள்படும் நூல், தண்டனை அச்சத்தைவிட ஏற்புடைமையே பணிவுக்கு வலுவான காரணம் எனக் கூறியது. அந்த ஏற்புடைமை, கிடைத்த முடிவு தமக்குச் சாதகமா என்பதைவிட, நடத்தப்பட்ட முறை நேர்மையானதா என்பதையே பெரிதும் சார்ந்தது. தம் தரப்பைச் சொல்ல இடம் கிடைத்ததா, சார்பின்றி முடிவெடுக்கப்பட்டதா, மதிப்புடன் பேசப்பட்டதா, காவலரின் நோக்கம் நல்லது எனத் தோன்றியதா என்னும் நான்கும் நடைமுறை நீதியின் கூறுகள்.

இதனை வளாகத்திற்குப் பொருத்தினால் ஓர் உண்மை விளங்கும். தண்டச்சீட்டு பெற்ற மாணவர் காவலரை வெறுத்தாக வேண்டும் என்பதில்லை. காரணம் கூறி, மதிப்புடன் அது வழங்கப்பட்டிருந்தால் அவரது மதிப்பீடு கெடாதிருக்கலாம். மாறாக, எவ்விதத் தண்டனையுமின்றி அனுப்பப்பட்ட மாணவர், தாம் ஏன் நிறுத்தப்பட்டோம் என்பதற்கு விடை கிடைக்காமையால் அந்நிகழ்வை ஆண்டுக்கணக்கில் மறவாதிருக்கலாம்.

5. 'நீ இவ்விடத்துக்கு உரியவனா?'

2018 மே மாதம் யேல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின ஆய்வு மாணவி ஒருவர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவர், தம் விடுதியின் பொது அறையில் உறங்கிவிட்டார். வெள்ளையின மாணவி ஒருவர் வளாகக் காவலரை அழைத்தார். உறங்கியவர் தம் அறையைத் தம் சாவியால் திறந்துகாட்டினார். அதன் பின்னரும் அவரிடம் அடையாள அட்டை கேட்கப்பட்டது. இறுதியில், அவருக்கு அங்கிருக்க முழு உரிமை உண்டு எனக் காவலரே அழைத்தவரிடம் தெரிவித்தனர். அதற்குச் சில நாள்களுக்கு முன், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப்பார்க்க வந்த அமெரிக்கத் தொல்குடி இளைஞர் இருவரைப் பற்றி, உடன் வந்த ஒரு மாணவரின் தாய் காவலருக்குத் தொலைபேசியில் கூறினார். இளைஞர்கள் குழுவிலிருந்து பிரிக்கப்பட்டு வினவப்பட்டனர். அவர்கள் முன்பதிவு செய்தே வந்தனர் என்பது உறுதியாகி விடுவிக்கப்பட்டபோது, குழு அவர்களை விட்டு நகர்ந்திருந்தது.

இரு நிகழ்விலும் எவரும் கைதாகவில்லை. குற்றப் பதிவேட்டில் பார்த்தால் எதுவும் நிகழவில்லை. ஆனால் கேட்கப்பட்ட வினா ஒன்றுதான்: நீ இவ்விடத்துக்கு உரியவனா? பெரும்பான்மை இன மாணவரிடம் அரிதாகவே எழுப்பப்படும் வினா இது. இவ்விரு நிகழ்விலும் ஐயம் காவலரிடம் தோன்றவில்லை, அழைத்தவரிடம் தோன்றியது. எனினும் அந்த ஐயத்துக்குச் சீருடையும் அதிகாரமும் தந்து மாணவர் முன் நிறுத்தியவர் காவலரே. கறுப்பின மாணவரும் வெள்ளையின மாணவரும் ஒரே காவல்துறையைப் பற்றி வேறுபட்ட கருத்துரைப்பதை இவ்வெளிச்சத்தில் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் ஒரே காவலரைப் பார்க்கின்றனர். ஒரே அனுபவத்தைப் பெறுவதில்லை.

6. பாதுகாப்புக் கோரிக்கை

இதுவரை கூறியவற்றைக் கொண்டு மாணவர்கள் காவலரை வேண்டாதவர்கள் எனக் கருதினால் அது பிழையாகும். 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் 19 வயது மாணவி ஜீன் கிளெரி கொல்லப்பட்டார். வளாகக் குற்றங்களை மாணவர் அறியும்படி வெளியிட வேண்டும் என அவர்தம் பெற்றோர் போராடியதன் பயனாக 1990-இல் கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. 1998 முதல் அது கிளெரி சட்டம் என வழங்கப்படுகிறது. கூட்டாட்சி மாணவர் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் மூன்றாண்டுக் குற்றப் புள்ளிவிவரத்தை ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும். காவல்துறை உடைய நிறுவனம் நாள்தோறும் குற்றப் பதிவேட்டையும் பேண வேண்டும்.

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதியில் நிகழ்ந்த முதல் துப்பாக்கிச் சூட்டுக்கும் வளாகம் முழுவதற்கும் அனுப்பப்பட்ட முதல் மின்னஞ்சலுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கடந்திருந்தது. அங்குக் காவலர் மீது எழுந்த குறை அவர் மிகுதியாகத் தலையிட்டார் என்பதன்று. எச்சரிக்கை காலந்தாழ்ந்து வந்தது என்பது. 2008-இல் கிளெரி சட்டம் திருத்தப்பட்டு, உடனடி அவசர அறிவிப்பு கட்டாயமாயிற்று. தனியே இரவில் நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் மாணவிக்குக் காவலரின் வருகை ஆறுதலாகலாம். அதே இரவில் அதே பாதையில் நடக்கும் வேறொரு மாணவருக்கு அது நெஞ்சு படபடக்கும் தருணமாகலாம். இவ்விரண்டும் உண்மையே.

7. ஆயுதமும் போராட்டமும்

காவலர் ஆயுதம் தாங்குவது குறித்த விவாதத்திற்கு ஓரிகனின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் தக்க சான்று. மாணவர் எதிர்ப்புக்கிடையே அங்கு 2015-இல் ஆயுதக் காவலர் பணியேற்றனர். 2018 ஜூனில் வளாகத்தையொட்டிய மதுக்கூடத்தின் வெளியே நடந்த கைகலப்பின்போது, அதனை விலக்க முயன்ற ஜேசன் வாஷிங்டன் என்னும் கறுப்பினத்தவர் வளாகக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021-இல் காவலர் துப்பாக்கியின்றிச் சுற்றுக்காவல் செய்யும் முறை வந்தது. 2023-இல் துப்பாக்கி மீண்டும் வந்தது. எட்டாண்டுகளில் மும்முறை மாறிய இக்கொள்கை, பாதுகாப்பு எது என்பதில் ஒரே வளாகத்தினர் உடன்பட இயலாமையைக் காட்டுகிறது. 2015-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகக் காவலர் ஒருவர், முன்புற எண்பலகை இல்லாத காரை வளாகத்துக்கு வெளியே நிறுத்தி, ஓட்டிவந்த சாமுவேல் டுபோசைச் சுட்டுக் கொன்றார். இறந்தவர் மாணவர் அல்லர். ஆயினும் தம் கல்விக் கட்டணத்தில் இயங்கும் காவல்துறை வெளியாரிடம் எவ்வாறு நடக்கிறது என்னும் அறவினா மாணவரிடம் எழுந்தது.

போராட்டக் காலங்களில் முதற்பகுதியில் சுட்டிய முரண் வெளிப்படையாகிறது. 2011 நவம்பர் 18 அன்று கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் தரையில் அமர்ந்திருந்த மாணவர்கள்மீது வளாகக் காவலரே மிளகுத் தெளிப்பைப் பயன்படுத்தினர். அதனை ஆராய்ந்த குழு, அந்நிகழ்வு தவிர்க்கப்பட்டிருக்கலாம், தவிர்க்கப்பட்டிருக்க வேண்டும் எனக் கண்டது. மாணவரை அறிந்த காவலர் மென்மையாக நடப்பார் என்ற 1970-களின் எதிர்பார்ப்பு அன்று பொய்த்தது. 2019-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தனிக் காவல்துறை அமைக்க மேரிலாந்து சட்டமன்றம் அனுமதித்தபோது, மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் அமர்ந்து எதிர்த்தனர். இன்னும் அமைக்கப்படாத காவல்துறையைப் பற்றியும் மாணவருக்குத் தெளிவான பார்வை இருந்தது என்பதை இது உணர்த்துகிறது.

8. புகாரும் மௌனமும்

மாணவர் பார்வை வெறும் மனப்போக்காக நின்றுவிடுவதில்லை. கிளெரி சட்டத்தின் புள்ளிவிவரம் புகாராக வந்த குற்றங்களை மட்டுமே எண்ணும். காவலரிடம் போவதால் பயனில்லை எனக் கருதுபவர் புகார் அளிப்பதில்லை. அளிக்காத புகார் கணக்கில் சேர்வதில்லை. கணக்கில் சேராத வளாகம் ஏட்டில் பாதுகாப்பானதாகத் தோன்றும். நீதித்துறைப் புள்ளிவிவரப் பிரிவின் 2014-ஆம் ஆண்டு அறிக்கை 1995 முதல் 2013 வரையான காலத்தில் 18 முதல் 24 வயதுப் பெண்களுக்கு எதிரான பாலியல் வன்முறையை ஆராய்ந்தது. மாணவியர் எதிர்கொண்ட நிகழ்வுகளில் 80 விழுக்காடு போலீசாரிடம் தெரிவிக்கப்படவில்லை. மாணவியர் அல்லாதோரிடம் இது 67 விழுக்காடு. 'இது தம் சொந்தச் செய்தி' என்ற எண்ணமும் பழிவாங்கப்படுவோம் என்ற அச்சமும் மாணவியர் கூறிய காரணங்களுள் முன்னின்றன. ஆகவே இம்மௌனம் முழுவதையும் காவலர் மீதான அவநம்பிக்கையின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. ஆயினும் பழிவாங்கப்படுவோம் என அஞ்சுபவர், காவலரால் தம்மைக் காக்க இயலும் எனவும் உறுதியாக நம்பவில்லை என்பது தெளிவு. அவ்வகையில், குறைவான குற்ற எண்ணிக்கையைக் கண்டு ஒரு வளாகத்தைப் பாராட்டுமுன், அங்குள்ள மாணவர் யாரிடம் பேசத் துணிகின்றனர் எனக் கேட்பது தேவையாகிறது.

9. ஆய்வு முறையியல் குறிப்பு

மேற்கண்டவற்றிலிருந்து வினாநிரல் அமைப்போர் கருதவேண்டியவை மூன்று. முதலாவது, 'வளாகக் காவலரை நம்புகிறீர்களா?' என்னும் ஒற்றை வினா போதாது. திறமை, நேர்மை, தேவை ஆகிய மூன்றையும் தனித்தனியே வினவ வேண்டும். இரண்டாவது, சராசரி விடை குழு வேறுபாட்டை மறைத்துவிடும். பெரும்பான்மையினர் மிகுந்த வளாகத்தில் சராசரி எப்போதும் அவர்தம் அனுபவத்தையே பேசும். மூன்றாவது, காவலரை மாணவர் தாமே அழைத்த சந்திப்பையும் காவலர் மாணவரை நிறுத்திய சந்திப்பையும் பிரித்துக் காணவேண்டும். அமெரிக்க வினாநிரலைத் தமிழாக்கி நம் கல்லூரிகளில் வழங்க முனைவோர், 'வளாகக் காவலர்' என்ற சொல்லை இங்குள்ள மாணவர் வாயிற் பாதுகாவலர் எனவே புரிந்துகொள்வர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்நிலையில் கிடைக்கும் விடைகளை அமெரிக்க விடைகளோடு ஒப்பிட இயலாது.

முடிவுரை

அமெரிக்க வளாகக் காவல்துறை, மாணவரை வெளிப்படையிடமிருந்து காக்கும் நோக்குடன் வளர்ந்தது; நாளடைவில் நகரக் காவல்துறையின் ஆயுதத்தையும் அதிகாரத்தையும் எல்லையையும் பெற்றது. மாணவர் பார்வையின் இருமைக்கு அடிப்படை இவ்வரலாறே. அப்பார்வையைத் தீர்மானிப்பதில் தண்டனையைவிட நடத்தப்படும் முறை முதன்மை பெறுகிறது. 'உரியவனா' என்ற வினா சிலரிடம் மட்டும் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுவதால், ஒரே வளாகத்தில் இருவேறு காவல்துறைகள் இயங்குவது போன்ற நிலை உருவாகிறது. அவநம்பிக்கை புகாரைத் தடுக்கும்போது சட்டம் வேண்டும் புள்ளிவிவரம் குறைவுபடுகிறது. அதன்மேல் எழும் பாதுகாப்புத் திட்டமும் குறைவுபடுகிறது. ஆகவே மாணவர் பார்வையைக் காவல்துறையின் நற்பெயர் பற்றிய செய்தியாகக் கொள்ளாமல், வளாகப் பாதுகாப்பை அளக்கும் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாகக் கொள்ளவேண்டும். பதிவான குற்றங்களின் எண்ணிக்கையோடு, பதிவுசெய்ய மாணவர் முன்வருகின்றனரா என்பதும் உடன் ஆராயப்படும்போதே ஒரு வளாகம் பாதுகாப்பானதா எனக் கூற இயலும்.